'சிலைட்' என்னும் ஒரு சொல்லும் தமிழின் ஐந்து வினைகளும்

நார்த்மீட்டிலும் அதனை அடுத்துள்ள ஊர்களிலும் பூங்காவுக்குச் செல்லும் நம் பிள்ளைகள், "நான் சிலைட் பண்ணப் போகிறேன்" என்கின்றனர். ஈரத் தரையில் விழுந்தாலும் "சிலைட் பண்ணி விழுந்தேன்" என்கின்றனர். பெற்றோராகிய நாமும் அவ்வாறே பேசப் பழகிவிட்டோம். 'சிலைட்' என்பதற்குத் தமிழ் என்ன என்று வகுப்பிலே மாணவர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ஏன் இயலாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலச் சொல்லின் பொருள்கள்

ஒரு பரப்பின் மேல் தடையின்றி மெல்ல நகர்தல் என்பதே இச்சொல்லின் அடிப்படைப் பொருள். அதிலிருந்து கிளைத்த பொருள்கள் பல. பிள்ளைகள் ஏறி இறங்கி விளையாடும் சறுக்குமரம் ஒரு 'சிலைட்'. நியூ சவுத் வேல்ஸ் மக்கள் பலர் அதனைச் 'சிலிப்பரி டிப்' என்றும் அழைப்பர். தலைமயிரில் செருகும் ஊசி, திரையிற் காட்டும் படவில்லை, நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கும் கண்ணாடித் துண்டு ஆகியனவும் 'சிலைட்' என்றே பெயர் பெறும். மலைச் சாய்வில் மண் பெயர்ந்து வீழ்வதும், சந்தையில் விலை இறங்குவதும் அச்சொல்லாலேயே குறிக்கப்படும். ஒருவர் செய்த சிறு குற்றத்தைப் பொருட்படுத்தாது விடுவதையும் ஆங்கிலேயர் இச்சொல் கொண்டு கூறுவர்.

ஆங்கிலம் அசைவின் தோற்றத்தை நோக்கி ஒரே பெயரிட்டது. தமிழோ அசைந்தவர் விரும்பி அசைந்தாரா, எதிலிருந்து அசைந்தார், எங்கே சென்றார் என்றெல்லாம் வினவி, விடைக்கேற்ப வினைச்சொல்லை வேறுபடுத்தியது. அவ்வினைகளுள் ஐந்தினை இங்கே காண்போம்.

சறுக்குதல்

விரும்பிச் செய்யும்போது இது விளையாட்டாகும். சறுக்குமரம், பனிச்சறுக்கு என்பன காண்க. விரும்பாமல் நிகழும்போது கால் நிலைதவறுவதைக் குறிக்கும். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்னும் பழமொழி, வல்லவரும் ஒருகால் தவறுவர் என்பதை உணர்த்துகின்றது.

வழுக்குதல்

இங்கே காரணம் தரையிலுள்ளது. பாசியும் எண்ணெயும் சேறும் வழுக்கும். அவற்றை மிதித்தவர் வழுக்கி விழுவர். எண்ணெய் பூசி நட்ட வழுக்குமரத்தில் இளைஞர் ஏறும் போட்டியை ஊர்த் திருவிழாக்களிற் கண்டோர் நம்மிடையே பலர் உளர். இளநீரின் உள்ளேயுள்ள மென்மையான வழுக்கையும், மயிர் உதிர்ந்த தலையின் வழுக்கையும் இவ்வினையோடு உறவுடையன. நாம் ஊரில் ஆசிரியப்பணி புரிந்த நாளில், வெங்காயத்தின் மெல்லிய தோலை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துண்டை 'வழுக்கி' என்றே மாணவர்க்குக் கற்பித்தோம். இலங்கையின் தமிழ் விஞ்ஞான நூல்களில் வழங்கும் அழகிய கலைச்சொல் அது.

நழுவுதல்

பிடியிலிருந்து விலகுவது நழுவுதல். 'பழம் நழுவிப் பாலில் விழுந்தாற்போல' என்பது எதிர்பாராத நற்பேற்றைக் குறிக்கும். வேலை செய்ய அழைக்கும்போது ஓசைப்படாமல் மறைபவரை 'விலாங்கு மீன் போல் நழுவுகிறார்' என்போம். வாய்ப்பும் உடைமையும் 'கைநழுவிப்' போகும். காணியையும் வீட்டையும் விட்டு வந்த நம் போன்றோர்க்கு இச்சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

சரிதல்

'சரி' என்றால் 'ஆம்' என்பது மட்டுமே பல பிள்ளைகளுக்குத் தெரியும். சாய்ந்து கீழிறங்குதலைக் குறிக்கும் வேறொரு 'சரி'யும் தமிழில் உண்டு. தோளிலிருந்து சேலைத் தலைப்புச் சரியும், அடுக்கிய நெல்மூட்டை சரியும், விலை சரியும், மலையும் சரியும். மலையில் மண் சரிவதை இலங்கையில் மண்சரிவு என்றும், தமிழகத்தில் நிலச்சரிவு என்றும் வழங்குவர். 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைப் பகுதியில், மீரியபெத்தைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியது மண்சரிவே. இந்நாட்டில் 1997 யூலை 30 இரவு, திரெட்போ என்னும் மலையூரில் நிகழ்ந்த மண்சரிவில் 18 பேர் மாண்டனர். இரண்டு நாட்களுக்கும் மேலாக இடிபாடுகளுள் கிடந்த ஒருவர் மட்டும் உயிருடன் மீட்கப்பட்டார். திரெட்போ பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற இடம். அங்கே மனிதர் மகிழ்ந்து செய்வது சறுக்குதல். அன்றிரவு மலை செய்தது சரிதல். இரண்டனையும் ஒரே சொல்லாற் கூற எந்தத் தமிழரும் துணியார்.

வழுவுதல்

நெறியிலிருந்து விலகுதல் வழுவுதல். 'கடமையில் வழுவாதவர்' என்று ஒருவரைப் போற்றுகிறோம். மொழியின் நெறியிலிருந்து விலகுவதை இலக்கணம் 'வழு' என்னும். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களைக் கூறும். "அவன் வந்தது" என்பது திணை வழு; "அக்கா வந்தான்" என்பது பால் வழு. நம் வகுப்பறைகளில் இவ்விரண்டும் நாள்தோறும் கேட்கும்! இவற்றுக்காக எவரும் நாண வேண்டியதில்லை. பேச முயல்பவனுக்கே வழு நேரும். பேசாதிருப்பவனுக்கு வழுவும் இல்லை, மொழியும் இல்லை.

'பண்ணு' விழுங்கும் வினைகள்

வேற்றுமொழிச் சொற்கள் தமிழில் கலப்பது புதிதன்று. அலுமாரியும் கதிரையும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. அவற்றால் தமிழ் அழிந்துவிடவில்லை. புதிய பொருளுடன் புதிய பெயர் வருவது இயல்பு. ஆயின் 'சிலைட் பண்ணு' என்பது அத்தகையதன்று. அது ஏற்கெனவே வீட்டிலுள்ள ஐந்து வினைகளின் இடத்தையும் தனியொன்றாய்க் கவர்ந்துகொள்கின்றது. 'வோக் பண்ணு', 'குக் பண்ணு', 'கிளீன் பண்ணு' என்று தொடர்ந்தால், ஈற்றில் 'பண்ணு' என்னும் ஒரு வினையே பிள்ளையிடம் எஞ்சும்.

இதனால் வரும் இழப்பு ஏட்டளவில் நிற்பதன்று. ஊரிலிருந்து அம்மம்மா தொலைபேசியில், "கிணற்றடியில வழுக்கி விழுந்துபோனன்" என்று சொல்லும்போது, பேரப்பிள்ளை பொருள் விளங்காது சிரித்துக்கொண்டு நின்றால், அங்கே துண்டிக்கப்படுவது உறவு அன்றோ?

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பூங்காவில் நிற்கும்போது 'சறுக்கி வா' என்று கூறுங்கள். குளியலறைத் தரை ஈரமாயிருந்தால் 'வழுக்கும், கவனம்' என்று கூறுங்கள். கோப்பையைக் கையிற் கொடுக்கும்போது 'நழுவவிடாதே' என்று கூறுங்கள். மாணவர்களே, இவ்வாரம் மூன்று 'பண்ணு'க்களைப் பிடித்து, அவற்றுக்குரிய தமிழ் வினைகளை எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள். விடை தெரியாவிடின் அம்மம்மாவைக் கேளுங்கள். அவர் மகிழ்ந்து சொல்லித் தருவார்.