மென்பொருட் சோதனை: பிழை காணும் கல்வி

நூல் ஒன்றை இயற்றியோர் அதனை அவையில் அரங்கேற்றி, அறிஞர் எழுப்பும் ஐயங்களுக்கு விடை கூறுதல் தமிழ் மரபு. வங்கி, மருத்துவமனை, தேர்வுத்துறை என எங்கும் இன்று பணியாற்றும் மென்பொருளுக்கும் அத்தகைய அரங்கேற்றம் இன்றியமையாதது. அதுவே மென்பொருட் சோதனை எனப்படும். அதனை இளையோர்க்குக் கற்பிக்கும் முறை குறித்துச் சில கூற விழைகின்றோம். தமிழ் பயிற்றுவோர்க்கு இதில் என்ன பணி என வினவுவோர், கட்டுரையின் இறுதிவரை பொறுத்தருள்க.

எல்லையில் மறையும் பிழை

மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் நிரல் ஒன்றைக் கொள்வோம். மதிப்பெண் 0 முதல் 100 வரை. 40உம் அதற்கு மேலும் தேர்ச்சி. இதனைச் சோதிக்கப் பணித்தால் புதிய மாணவர் 75, 20 என இரண்டு எண்களை இட்டுப் பார்த்து, 'சரியாக உள்ளது' என்று அமைவர். நிரல் எழுதியவர் '40க்கு மேல் தேர்ச்சி' எனத் தவறாக எழுதியிருப்பின் அவ்விரு எண்களும் அதனைக் காட்டா. 40ஐ இட்டால்தான் பிழை வெளிப்படும். ஓர் உம்மை விடுபட்டதால், சரியாக நாற்பது பெற்ற மாணவன் ஓராண்டை இழப்பான்.

ஆகவே 39, 40, 41, 0, 100, எல்லை கடந்த -1, 101, எண்ணுக்கு மாறாக எழுத்து, ஒன்றும் இடாத வெற்றிடம் ஆகியவற்றையும் இட்டுப் பார்க்கக் கற்பித்தல் வேண்டும். எதிர்பார்க்கும் விடையை முன்னரே எழுதி வைத்தலும் வேண்டும். இல்லையேல் திரையில் தோன்றுவதெல்லாம் சரியாகவே தோன்றும்.

உயிரோடு தொடர்புடைய பாடம்

தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியால் 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர், சிலர் உயிரிழந்தனர். 1986இல் டெக்சாஸ் மாநில மருத்துவமனை ஒன்றில் நிகழ்ந்த விபத்துக்கான காரணத்தை, அங்குப் பணியாற்றிய இயற்பியலாளரும் கருவியை இயக்கியவரும் பலமுறை முயன்று கண்டறிந்தனர். திரையில் இட்ட குறிப்பை விரைந்து திருத்தும்போதுதான் பிழை நேர்ந்தது. மெல்லத் தட்டிச் சோதித்தோர்க்கு அது புலப்படவில்லை. பயன்படுத்துவோர் உண்மையில் எவ்வாறு பயன்படுத்துவர் என எண்ணிச் சோதித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

தமிழ் மாணவர்க்குரிய இடம்

தேர்வுக்கு வாராதவனும் சுழியம் பெற்றவனும் ஒன்றா? நிரலுக்கான விதி இதனைக் கூறாதிருப்பின், அது நன்னூல் சுட்டும் 'குன்றக் கூறல்' என்னும் குற்றமே. ஓரிடத்தில் ஒன்றும் பிறிதோரிடத்தில் அதற்கு முரணாகவும் கூறின் 'மாறுகொளக் கூறல்' ஆகும். உரை கற்ற மாணவர்க்கு இவை எளிதிற் புலப்படும்.

மேலும், 'தமிழ்' என்னும் சொல்லில் நமக்கு எழுத்துகள் மூன்று. யூனிகோடு முறையில் அதற்குரிய குறியீடுகளோ ஐந்து. உயிர்மெய்யின் இகரக் குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். எழுத்தெண்ணும் நிரல் ஐந்து எனக் காட்டினால், அதனைப் பிழையெனச் சுட்ட வல்லவர் எழுத்திலக்கணம் கற்றவரே.

வகுப்பறையில் செய்யத்தக்கன

மாணவர் இருவர் தம் நிரல்களை மாற்றிக்கொண்டு சோதிக்கலாம். என்ன இட்டோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது என்னும் மூன்றையும் தெளிந்த நடையில் எழுதித் தரவேண்டும். கண்ட பிழைக்கு மதிப்பெண் தருக. பிழை செய்தவரை நகையாடற்க. பிழையைச் சுட்டுவோன் பகைவன் அல்லன் என்னும் பண்பு இப்பயிற்சியால் வேரூன்றும்.

எத்துணைச் சோதித்தாலும், பிழை உண்டெனக் காட்டலாமேயன்றி அறவே இல்லையென நிறுவ இயலாது என்பது கணிப்பொறி அறிஞர் டைக்ஸ்ட்ராவின் கருத்து. அவ்வடக்கத்தோடு, நாற்பதில் நிற்கும் மாணவனை மறவாது வினவும் இளையோரை உருவாக்குவோமாக!