பச்சை இலைக்குள் இரட்டை வைரஸ்

ஆரணி என்றதும் பட்டுச் சேலைதான் நினைவுக்கு வரும். தறிச் சத்தத்தைத் தாண்டி ஊருக்கு வெளியே வந்தால், கமண்டல நாகநதியின் இரு கரையிலும் நெல் வயல்கள். ஆரணி அரிசிக்கும் பட்டுக்குச் சமமான பெயர் உண்டு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பருவமும் நெல் பார்க்கும் வட்டாரம் இது. வயலில் எப்போதும் பயிர் நின்றால் பூச்சிக்குப் பஞ்சமில்லை. அது சுமந்து வரும் நோய்க்கும் ஓய்வில்லை.

அப்படி வரும் நோய்களில் ஒன்று துங்ரோ. இலை நுனியில் மஞ்சள் தொடங்கி, ஆரஞ்சாக மாறிக் கீழே இறங்கும். பயிர் குட்டையாக நின்றுவிடும், தூர் குறையும், கதிர் வந்தாலும் பாதி பதராகப் போகும். தழைச்சத்து குறைந்தாலும் இலை மஞ்சளாகும், துத்தநாகம் குறைந்தாலும் நிறம் மாறும் என்பதுதான் சிக்கல். வரப்பில் நின்று கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது அனுபவசாலிக்கே கடினம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மூட்டை யூரியாவை இறைத்துவிடுகிறோம். வைரஸ் யூரியாவுக்கு அடங்காது.

எளிய சோதனை ஒன்று உண்டு. விடியற்காலையில் இலை நுனியைப் 10 செ.மீ. அளவுக்கு நறுக்கி அயோடின் கரைசலில் ஊறவைக்க வேண்டும். நலமான இலை பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவோடு இரவாக வெளியேற்றியிருக்கும். துங்ரோ தாக்கிய இலையில் அது தேங்கிவிடும். எடுத்துக் கழுவினால் கருநீலக் கோடுகள் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது எந்த வைரஸ், எங்கிருந்து வந்தது என்பதை அயோடின் சொல்லாது.

துங்ரோவுக்குக் காரணம் இரண்டு வைரஸ்கள்: ஒன்று குச்சி வடிவம், மற்றது உருண்டை. 1990களின் தொடக்கத்தில் இரண்டின் மரபணு வரிசையும் முழுதாகப் படிக்கப்பட்டது. குச்சி வைரஸிடம் இருப்பது சுமார் 8,000 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ.; உருண்டையிடம் இருப்பது சுமார் 12,000 எழுத்து ஆர்.என்.ஏ. ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. பயிரை வாட்டுவது குச்சி வைரஸ்தான். ஆனால் உருண்டையின் துணையில்லாமல் பச்சைத் தத்துப்பூச்சி அதைச் சுமந்து செல்லாது. உருண்டை மட்டும் தனியாக வந்தால் பயிர் பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும். பார்வைக்குக் குறையில்லாத வயலிலும் நோயின் ஒரு பாதி குடியிருக்கலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இன்னொரு வியப்பு நெல்லுக்குள்ளேயே இருக்கிறது. நெல்லின் டி.என்.ஏ.வில் இந்தக் குச்சி வைரஸின் பழைய உறவினர் ஒன்றின் துண்டுகள் சிதறிக் கிடப்பதைக் கண்டு, அவற்றைச் சேர்த்து அந்த வைரஸின் வடிவத்தை ஆய்வாளர்கள் 2004இல் மீட்டெடுத்தார்கள். எப்போதோ நெல்லைத் தாக்கிய வைரஸின் எச்சம் விதை வழியாகத் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது.

நம் மண்ணிலிருந்தும் ஒரு சான்று. தில்லிப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து கன்னியாகுமரி வட்டாரக் குச்சி வைரஸின் முழு வரிசையைப் படித்து 2011இல் வெளியிட்டன. அது வெவ்வேறு வைரஸ்களின் பகுதிகள் கலந்து உருவான கலப்பு என்று அந்த வரிசை காட்டியது.

இவையெல்லாம் தெரிந்த வைரஸ்கள். பெயரே தெரியாத வைரஸை எப்படிப் பிடிப்பது? அதற்குச் செடியே உதவுகிறது. உள்ளே நுழையும் வைரஸின் ஆர்.என்.ஏ.வை அது 21 முதல் 24 எழுத்து நீளத் துணுக்குகளாக நறுக்கிப் போடுகிறது. அந்தத் துணுக்குகளை லட்சக்கணக்கில் படித்து, நெசவாளி பாவு பிணைப்பதுபோல் முனையோடு முனை பொருத்தினால் முழு வைரஸும் கிடைத்துவிடும். பெரு நாட்டிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தின் ஆய்வாளர்கள் 2009இல் இப்படித்தான் சர்க்கரைவள்ளிக் கிழங்குச் செடியில் அதுவரை அறியாத வைரஸ்களைக் கண்டார்கள். எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரும் பலம்.

கைக்குள் அடங்கும் வரிசையாக்கக் கருவியைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் மரவள்ளித் தோட்டத்துக்கே எடுத்துச் சென்று வைரஸை அடையாளம் கண்டிருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் வாழவச்சனூரில் அரசு வேளாண் கல்லூரி இருக்கிறது. அங்கே அப்படி ஒரு கருவி வந்து, ஆரணி, போளூர், செய்யாறு வயல்களின் இலைகளைப் பருவத்துக்கு ஒருமுறை படித்தாலே போதும். நோய் பரவும் முன் எச்சரிக்கலாம். அது வரும்வரை, பயிர் மஞ்சளானால் உடனே யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். நாலு இலையைப் பறித்துக்கொண்டு முதலில் வேளாண்மை அலுவலரைப் பாருங்கள்.