சொல்பவன் கையில் கத்தி

1926-இல் இங்கிலாந்தில் இரண்டு துப்பறியும் கதைகள் வந்தன. இரண்டிலும் நடந்தது ஒரே காரியம்தான்: கதை சொல்லும் ஆளை மாற்றினார்கள். ஒருவருக்குக் கை சுட்டது, இன்னொருவருக்கு லாட்டரி அடித்தது.

சுட்டுக்கொண்டவர் ஆர்தர் கானன் டாயில். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 60. அவற்றில் 56-ஐச் சொல்பவர் டாக்டர் வாட்சன். ஹோம்ஸ் பார்ப்பதையெல்லாம் வாட்சனும் பார்ப்பார். ஆனால் ஒன்றும் பிடிபடாது. நமக்கும்தான். கடைசியில் ஹோம்ஸ் முடிச்சை அவிழ்க்கும்போது இருவருமாக வாயைப் பிளப்போம்.

'சிங்கத்தின் பிடரி' கதையில் வாட்சன் இல்லை. ஓய்வுபெற்று, சஸ்ஸெக்ஸ் கடலோரத்தில் தேனீ வளர்க்கும் ஹோம்ஸ் தானே சொல்கிறார். கடலிலிருந்து தள்ளாடி ஏறிவந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் அவர் கண்ணெதிரே சுருண்டு விழுந்து சாகிறார். முதுகெல்லாம் சவுக்கால் விளாசிய மாதிரி தடிப்புகள். எங்கோ படித்த ஞாபகம் உறுத்தவே, ஹோம்ஸ் பரண் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் புத்தகங்களைக் குடைகிறார். தேடியது கையில் கிடைத்துவிடுகிறது. என்ன கிடைத்தது என்று மட்டும் சொல்லமாட்டார்! கொன்றது ஒரு ஜெல்லிமீன் என்பது கடைசியில்தான் தெரியும். வாட்சன் கூட இருந்து சொல்லியிருந்தால் இந்த மௌனம் உறுத்தியிருக்காது. 'நான்' என்று மனசைத் திறந்து பேசுகிறவர் முக்கியமான இடத்தில் வாயை மூடிக்கொண்டால் எரிச்சல்தான் வருகிறது.

அகதா கிறிஸ்டி அந்த மௌனத்தையே கதையாக்கினார். (ரோஜர் அக்ராய்ட் கொலையைப் பற்றிய அவருடைய நாவலைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.) துப்பறிவாளர் பாய்ரோவின் கதைகளை அதுவரை சொல்லிவந்த நண்பர் ஹேஸ்டிங்ஸ் அர்ஜென்டினா போய்விட்டார். காலியான இடத்தில் கிராமத்து டாக்டர் ஷெப்பர்ட் வந்து உட்காருகிறார். டாக்டர், பொறுமைசாலி, கூடவே நடந்து நடப்பதை எழுதிவைப்பவர். அப்படியே வாட்சன் ஜாடை. கொலைகாரர் அவர்தான்.

அக்ராய்டின் அறைக்குத் தபால் வந்தது 8.40-க்கு, தான் கிளம்பியது 8.50-க்கு என்று எழுதுகிறார். இரண்டுமே நிஜம். நடுவிலுள்ள 10 நிமிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கத்தி இறங்கியது அப்போதுதான். நாவலின் முடிவில் தன் எழுத்துச் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்கிறார் மனிதர். ஹோம்ஸ் மறைத்தது கதாசிரியரின் வசதிக்காக. ஷெப்பர்ட் மறைத்தது தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதற்குள்தான் எல்லாம் இருக்கிறது.

இது போங்கு ஆட்டம் என்று வாசகர்கள் சிலர் கொதித்தார்கள். 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் பாதிரியார் துப்பறியும் கதைக்கு 10 விதிகள் எழுதினார். வாசகன் யாருடைய மனசுக்குள் புகுந்து பார்த்தானோ அவன் குற்றவாளியாக இருக்கக்கூடாது என்பது அதில் முதல் விதியிலேயே இருக்கிறது.

என் கட்சி கிறிஸ்டி பக்கம். நாவலை இரண்டாம் முறை படித்துப் பாருங்கள். ஊர் வம்பையெல்லாம் வீட்டிலிருந்தபடியே திரட்டிவிடும் அக்கா கரோலினை ஷெப்பர்ட் கேலி செய்துகொண்டே இருப்பார். முதல் தடவை அது வெறும் நகைச்சுவை. இரண்டாம் தடவை, ஒரே கூரையின் கீழ் அவளுக்குப் பயந்து பயந்து வாழ்கிறவனின் குரல்.