மேடைக்குப் பின்னால் யார் பொறுப்பு?

பிரிட்டனின் சிறு நகரங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் இசை, நடனம், பேச்சுப் போட்டி விழாக்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாதவர்களின் உழைப்பால் நடப்பவை. 1882இல் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஜான் ஸ்பென்சர் கர்வெனும், 1885இல் வடக்கே கென்டல் வட்டாரத்தில் மேரி வேக்ஃபீல்டும் தொடங்கிவைத்த இந்த மரபு 1921இல் ஒரு கூட்டமைப்பாகத் திரண்டு இன்றுவரை தொடர்கிறது. தேவாலயக் கூடமோ பள்ளி அரங்கோ வாடகைக்கு எடுக்கப்படும்; ஓய்வுபெற்ற ஆசிரியர் வாயிலில் நுழைவுச்சீட்டு கொடுப்பார்; முன்னாள் வங்கி ஊழியர் கணக்கு பார்ப்பார்; நடுவர் ஒருவர் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, ஆறு வயதுச் சிறுமியின் வயலினையும் முதியோர் பாடகர் குழுவையும் ஒரே நாளில் கேட்டு, மதிப்பெண்ணோடு கருத்துரையும் எழுதித் தருவார்.

இத்தகைய விழாவில் குழந்தைகளையும், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத நிலையிலுள்ள பெரியவர்களையும் தீங்கிலிருந்து காப்பது எப்படி என்ற கேள்வி முதலில் மிகையாகத் தோன்றலாம், ஏனெனில் அங்கே எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ஆனால் குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமைகளில் பெரும்பகுதி முன்பின் தெரியாதவரால் அன்றி, குடும்பமும் ஊரும் நம்பிய ஒருவராலேயே நிகழ்கிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதிப்பட்ட உண்மை. எனவே ‘நம்மவர்தானே’ என்ற நினைப்பு, தன்னார்வ விழாக்களை இயக்கும் ஆற்றலாகவும் அவற்றின் மிகப் பெரிய ஓட்டையாகவும் ஒருங்கே இருக்கிறது. இந்த ஓட்டையை அடைக்க ஆட்களின் கடந்த காலத்தைச் சோதித்தால் போதும் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது; அந்தக் கருத்து எவ்வளவு தூரம் சரி, எங்கே தவறிப்போனது என்பதைப் பிரிட்டனின் அண்மை வரலாறு நன்றாகவே காட்டுகிறது.

2002 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ்ஷயரின் சோஹம் என்னும் ஊரில் பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். கொன்றவர் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் பராமரிப்புப் பணியாளர்; அவர் மீது வேறொரு வட்டாரத்தில் ஏற்கெனவே பல புகார்கள் எழுந்திருந்தும், அந்தத் தகவல் அவருக்கு வேலை கொடுத்தவர்களிடம் போய்ச் சேரவில்லை. இதை ஆராய்ந்த பிச்சர்ட் விசாரணைக் குழு 2004இல் அறிக்கை அளித்தது. அதைத் தொடர்ந்து 2006இல் வந்த சட்டம், குழந்தைகளோடு பழகும் பணியில் இருக்கும் இலட்சக்கணக்கானோர் அரசிடம் பதிவு செய்துகொண்டு தகுதிச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற பெருந்திட்டத்துக்கு வழி வகுத்தது. பள்ளிகளுக்குப் போய்க் கதை வாசிக்கும் எழுத்தாளர்களும் அதில் அடங்குவர் என்றதும், 2009இல் பிலிப் புல்மேன் உள்ளிட்ட சிறார் இலக்கிய எழுத்தாளர்கள் இது மனிதர்களுக்கிடையே ஐயத்தை வளர்க்கும் என்று வெளிப்படையாக எதிர்த்தனர். அடுத்த ஆண்டே புதிய அரசு திட்டத்தை நிறுத்திவைத்தது. 2012இல் அது சுருக்கப்பட்டு, குற்றப் பின்னணியைத் தெரிவிக்கும் பணியையும் தகுதியற்றோரைத் தடை செய்யும் பணியையும் சேர்த்துச் செய்யும் புதிய அரசு அமைப்பு ஒன்று அவ்வாண்டு டிசம்பரில் உருவானது. இங்கிலாந்திலும் வேல்சிலும் ‘டிபிஎஸ் சான்று’ என்று எல்லோர் வாயிலும் புழங்குவது இந்த அமைப்பு தரும் சான்றிதழ்தான்.

விழாக்குழுக் கூட்டங்களில் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு எழுந்தாலே முதலில் கேட்கப்படுவது ‘எல்லோருக்கும் சான்று வாங்கியாயிற்றா’ என்பதாகவே இருக்கும். தன்னார்வலர்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவும் ஒரு தடையன்று. ஆயினும் சட்டம் யாருக்கு வேண்டுமானாலும் உயர்நிலைச் சோதனை செய்துகொள்ள இடம் தருவதில்லை. குழந்தைகளோடு வாரந்தோறும், அல்லது முப்பது நாள்களுக்குள் நான்கு நாள்களோ அதற்கு மேலோ, குறிப்பிட்ட வகைப் பணியில் ஈடுபடுவோரையே அது முதன்மையாகக் கருதுகிறது. ஆண்டில் இரண்டு நாள் மட்டும் வாயிலில் நிற்கும் தொண்டர் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் வருவதில்லை. வந்தாலும் அந்தச் சான்று சொல்வது, வழங்கப்பட்ட நாள்வரை காவல்துறைப் பதிவேடுகளில் அவரைப் பற்றி என்ன இருந்தது என்பதை மட்டுமே. பிடிபடாதவரின் சான்றும் குற்றமே செய்யாதவரின் சான்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு நிம்மதியடையும் குழு, எதுவுமே செய்யாத குழுவைவிடச் சற்றே ஆபத்தான நிலையில் இருக்கிறது என்றும் சொல்லலாம், ஏனெனில் செய்யாத குழுவுக்குக் குறைந்தபட்சம் அச்சமாவது மிஞ்சியிருக்கும்.

உண்மையான காப்பு இடத்தையும் ஆட்களையும் ஒழுங்குபடுத்துவதில்தான் அடங்கியிருக்கிறது. விழா நடக்கும் கட்டடத்தில் பார்வையாளர் கண்ணுக்குப் படாத இடங்கள் எவை என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும்: உடை மாற்றும் அறை, கழிவறைக்குப் போகும் நடை, மேடையேறுமுன் வாசித்துப் பார்க்கும் சிற்றறை, பின்வாசல், வண்டி நிறுத்துமிடம். பயிற்சி அறையின் கதவு திறந்திருக்க வேண்டும் அல்லது அதில் கண்ணாடி இருக்க வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் மூடிய அறைக்குள் தனித்திருக்கும் சூழல் எழவே கூடாது. நடன விழாக்களில் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனி உடைமாற்றும் அறைகளும், அவற்றின் வாசலில் பெயர் குறித்த பொறுப்பாளர்களும் இருக்க வேண்டும். நடுவர் ஒரு சிறுவனின் வில் பிடிக்கும் கையைத் திருத்த விரும்பினால், அதைச் சொல்லால் செய்வதே முறை. தொடுவது தவிர்க்க முடியாதென்றால் அனைவரும் பார்க்க, அவனிடம் கேட்டபின் செய்யலாம். பெரியவர் ஒருவர் மீது வீண்பழி விழாமல் காப்பதும் இந்த விதிகளே என்பதால், தொண்டர்கள் இவற்றை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இந்த ஏற்பாடுகளில் அடிக்கடி நழுவிப்போவது ஒரு எளிய கேள்வி: இந்த நேரத்தில் இந்தக் குழந்தை யாருடைய பொறுப்பில் இருக்கிறது? பல விழாக்களின் விதிமுறைக் கையேட்டில் பிள்ளைகளுக்குப் பெற்றோரும் ஆசிரியருமே பொறுப்பு என்று அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் நடைமுறையில் பெற்றோர் ஆசிரியரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவர். ஆசிரியரோ வேறொரு கூடத்தில் வேறொரு மாணவிக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருப்பார். விழாக்குழு கையேட்டைக் காட்டும். இடைவேளையின்போது நடையில் அலையும் ஒன்பது வயதுப் பிள்ளை அந்த நாற்பது நிமிடங்களுக்கு யாருக்கும் சொந்தமில்லாதவளாகிறாள். வந்து சேரும்போதும் கிளம்பும்போதும் பெயரேட்டில் கையெழுத்து, அன்றைக்குப் பொறுப்பான பெரியவரின் பெயரும் கைபேசி எண்ணும், பெற்றோர் வரத் தாமதமானால் இரண்டு தொண்டர்கள் சேர்ந்து காத்திருப்பது என மூன்று ஏற்பாடுகள் இருந்தாலே இந்த இடைவெளியின் பெரும்பகுதி மறைந்துவிடும்.

கட்டணம் வாங்கி நடத்தும் நிகழ்ச்சிகளில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 1963ஆம் ஆண்டின் சட்டப்படி, பள்ளி வயதுக் குழந்தை அத்தகைய மேடையில் தோன்ற உள்ளாட்சி அமைப்பின் உரிமம் பொதுவாகத் தேவை. முந்தைய ஆறு மாதங்களில் மூன்று நாள்களுக்கு மேல் மேடையேறாத பிள்ளைக்கும், குழு முழுவதற்கும் ஒரே ஒப்புதல் பெற்ற அமைப்பின் பிள்ளைகளுக்கும் விலக்கு உண்டு. இங்கிலாந்துக்கான 2014ஆம் ஆண்டின் விதிகள், உரிமம் பெற்று மேடையேறும் குழந்தை பெற்றோருடனோ தன் பள்ளி ஆசிரியருடனோ இல்லாதபோது, உள்ளாட்சியால் ஏற்கப்பட்ட ஷாப்பரோன், அதாவது காவல்துணையாக நிற்பதையே முழுப் பணியாகக் கொண்ட ஒருவர், உடனிருக்க வேண்டும் என்கின்றன. ஒருவர் பன்னிரண்டு குழந்தைகளுக்கு மேல் பார்த்துக்கொள்ளக் கூடாது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஒன்பது வயதைக் கடந்த பிள்ளை ஒன்பதரை மணி நேரத்துக்கு மேலும் நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் இருக்கலாகாது. களைத்துப்போன குழந்தையை மீண்டும் மேடைக்குத் தள்ளுவதும் தீங்கின் ஒரு வகையே என்பதை இந்த விதிகள் ஏற்றுக்கொள்கின்றன.

கலை கற்பித்தலுக்கே உரிய ஆபத்தொன்று தனியாகக் கவனிக்கத்தக்கது. இசை பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவராகக் கற்பிக்கப்படுகிறது. ஆசிரியரின் ஒரு சொல்லில் மாணவரின் எதிர்காலம் தொங்குகிறது. உடலின் நிலையும் மூச்சும் உணர்ச்சியும் பாடத்தின் பகுதிகளாகவே இருக்கின்றன. மான்செஸ்டரின் சீத்தம்ஸ் இசைப்பள்ளியின் முன்னாள் இசை இயக்குநர், பல்லாண்டுகளுக்கு முன் மாணவி ஒருவருக்கு இழைத்த பாலியல் குற்றங்களுக்காக 2013இல் தண்டிக்கப்பட்டபோது, பெயர்பெற்ற ஆசிரியர்களைக் கேள்வி கேட்க முடியாத சூழலே குற்றத்துக்குத் துணைபோனது என்பது வெளிவந்தது. சிறார் பாலியல் கொடுமை பற்றிய தேசிய விசாரணைக் குழுவும் 2022இல் வெளியிட்ட அறிக்கையொன்றில் இசைப்பள்ளிகளின் இந்த இயல்பைச் சுட்டிக்காட்டியது. நம்பிக்கைப் பொறுப்பில் இருப்பவர் பதினாறு, பதினேழு வயதினரோடு பாலுறவு கொள்வதைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம், 2022இல் விளையாட்டுப் பயிற்சியாளருக்கும் சமயத் தலைவருக்கும் விரிவாக்கப்பட்டபோது, தனியாக இசையும் நாடகமும் கற்பிப்போரைச் சேர்க்கவில்லை. இது விளக்கம் சொல்லக் கடினமான விடுபாடு. சட்டம் விட்ட இடத்தை விழாக்குழு தன் நடத்தை விதிகளால் நிரப்பிக்கொள்ளலாம்: நடுவரோ தொண்டரோ போட்டியாளரான சிறுவர்களுக்குத் தனிச்செய்தி அனுப்பக் கூடாது, தனியாகக் காரில் ஏற்றிச் செல்லக் கூடாது என்று எழுதி வைத்து, பொறுப்பேற்கும் ஒவ்வொருவரிடமும் ஒப்பம் வாங்குவது அதற்கு ஒரு வழி.

இத்தனையும் செய்தபின்னும் ஒரு குழந்தை, தன்னைத் துன்புறுத்தும் ஒருவரைப் பற்றி, தேநீர் கொடுக்கும் தொண்டரிடம் திடீரென்று சொல்லக்கூடும். அப்போது அந்தத் தொண்டர் செய்யவேண்டியவை சில, செய்யக்கூடாதவை பல. பதறாமல் கேட்க வேண்டும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ‘அவர்தான் செய்தாரா’ என்பதுபோல் விடையை உள்ளே வைத்த கேள்விகளைக் கேட்கவே கூடாது, ஏனெனில் அவை பின்னர் நீதிமன்றத்தில் குழந்தையின் சாட்சியத்தைக் கெடுத்துவிடும். குழந்தை பயன்படுத்திய அதே சொற்களில், நாளும் நேரமும் குறித்து எழுதி, விழாவின் பாதுகாவல் பொறுப்பாளரிடம் ஒப்படைப்பதோடு அவருடைய கடமை முடிகிறது. உடனடி ஆபத்து என்றால் காவல்துறையை அழைக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. புகார் குழந்தைகளோடு பணிபுரியும் ஒருவர் மீது என்றால், இங்கிலாந்தில் அது ஒரு வேலை நாளுக்குள் உள்ளாட்சியில் அதற்கென்று அமர்த்தப்பட்ட அலுவலரிடம் போக வேண்டும். விசாரித்து உண்மை காண்பது விழாக்குழுவின் வேலையன்று. இருபது ஆண்டுகளாகச் சேர்ந்து உழைத்த நண்பர்கள் அடங்கிய குழுவுக்கு இதைவிடக் கடினமான விதி இருக்க முடியாது, ஏனெனில் ‘முதலில் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போம்’ என்ற நாகரிகமே பல இடங்களில் சான்றுகள் அழியக் காரணமாகியிருக்கிறது. இதனால்தான் பாதுகாவல் பொறுப்பாளரும் அவருக்கு மாற்றாக இருப்பவரும் குழுத்தலைவரின் குடும்பத்தினராக இல்லாதிருப்பது நல்லது. அவர்களின் பெயரும் எண்ணும் நிகழ்ச்சிநிரலில் மட்டுமன்றிக் கழிவறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

லண்டனிலும் பிற நகரங்களிலும் புலம்பெயர் தமிழர்கள் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டுவிழாக்களும் பேச்சுப் போட்டிகளும் இதே சட்டங்களுக்கு உட்பட்டவையே. அங்கே மாமா, அத்தை என்று அழைக்கப்படாத தொண்டர் அரிது. அந்த உறவுமுறை தரும் நெருக்கத்திலேயே பொறுப்பாளர் யார் என்ற கேள்வி கேட்கப்படாமல் போய்விடும் வாய்ப்பும் கூடுதல்.

பெரியவர்களைக் காப்பது குழந்தைகளைக் காப்பதிலிருந்து அடிப்படையிலேயே வேறுபடுகிறது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் இங்கிலாந்தில் யாரைப் பற்றி உள்ளாட்சி விசாரிக்க வேண்டும் என்பதை மூன்று நிபந்தனைகளால் வரையறுக்கிறது: அவருக்குப் பராமரிப்போ துணையோ தேவைப்பட வேண்டும், அவர் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகியிருக்க வேண்டும் அல்லது ஆளாகும் ஆபத்தில் இருக்க வேண்டும், அந்தத் தேவையின் காரணமாகத் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவராக இருக்க வேண்டும். வயது முதிர்ந்தவர் என்பதாலோ சக்கர நாற்காலியில் வருகிறார் என்பதாலோ மட்டும் ஒருவர் இந்த வரையறைக்குள் வந்துவிடமாட்டார். 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போய், மாறாக நிறுவப்படும்வரை ஒவ்வொரு பெரியவரும் தம் முடிவைத் தாமே எடுக்கும் திறன் உள்ளவராகவே கருதப்பட வேண்டும் என்றும், பிறர் கண்ணுக்கு அறிவற்றதாகத் தோன்றும் முடிவை எடுப்பது திறனின்மைக்குச் சான்றாகாது என்றும் சொல்கிறது.

நினைவாற்றல் குறைந்து வரும் ஒருவர் தம் பாடகர் குழுவோடு மேடையேற விரும்பும்போதும், கற்றல் குறைபாடுள்ள இளைஞர் தம் நாடகக் குழுவின் படத்தில் தாமும் இருக்க வேண்டும் என்று கேட்கும்போதும், அன்பின் பெயரால் அவர்களை ஒதுக்கி வைக்கும் குழு காப்பதாக நினைத்துக்கொண்டு உரிமையைப் பறிக்கிறது. பாடல் நடுவே மறந்து நின்றுவிட்டால் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்க ஆள், ஓய்வெடுக்க அமைதியான அறை, மாத்திரை எடுக்கும் நேரத்தை நினைவூட்ட ஒருவர் என்று அவர் கேட்கும் துணை எதுவோ அதைத் தேடித்தருவதே குழுவின் வேலை. படமெடுக்கும் ஒப்புதல் படிவத்தையும் பராமரிப்பாளரிடம் நீட்டுவதற்கு முன் அவரிடமே நீட்டி, தேவைப்பட்டால் படித்துக் காட்டி, அவர் சொன்ன பதிலை அவர் சொன்னபடியே குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதில் மறுப்பாக இருந்தால், அவர் நிற்கும் வரிசையில் கேமரா திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் தொண்டர் யார் என்பதை அன்று காலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.