காப்புறுதிப் பணம் கிடைத்த பிறகு வைத்தியச் செலவு யார் பொறுப்பு?

வருமானவரிப் படிவங்கள் வரும் காலத்தில், வேறு கடிதங்களும் என் மேசைக்கு வந்து சேரும். அவற்றோடு அடிக்கடி வரும் கேள்வி இது: "வேலையில் விழுந்ததற்குக் காப்புறுதி நிறுவனம் நட்டஈடு தந்து கணக்கை முடித்துவிட்டது. இனி டொக்டருக்கும் பிசியோதெரபிக்கும் அந்தக் காசிலிருந்துதான் கட்ட வேண்டுமா?"

பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் அதற்கு நாவ் அலுவலகத்தின் ஒரு கடிதம் உங்களிடம் இருக்க வேண்டும்.

குழப்பம் ஏன் வருகிறது என்பது விளங்கக்கூடியதே. இலங்கையில் 1934 ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் என்றால் ஒரு தொகைப் பணம் என்றே நாம் அறிந்திருந்தோம். அமெரிக்காவில் உள்ள உறவினரோ, நட்டஈட்டில் ஒரு பகுதியை எதிர்கால வைத்தியத்துக்கென ஒதுக்கிவைக்கச் சொன்னார்கள் என்பார். நோர்வேயில் அப்படியல்ல. இங்கே இரண்டு தனித்தனிப் பைகள் உண்டு.

முதலாவது அரசின் பை. விபத்தை நாவ் தொழிற்காயமாக, அதாவது 'இர்க்கெஸ்ஸ்காட' என்று அங்கீகரித்தால், அந்தக் காயத்துக்கான சிகிச்சைக்கு நீங்கள் 'ஏகெனண்டெல்' கட்டத் தேவையில்லை. குடும்ப வைத்தியர், அரச ஒப்பந்தமுள்ள சிறப்பு வைத்தியர், கொம்யூன ஒப்பந்தமுள்ள பிசியோதெரபிஸ்ட் ஆகியோரிடம் இது செல்லும். விபத்தில் பல் உடைந்திருந்தால் பல் வைத்தியத்துக்கும் உதவி உண்டு. மற்றவர்கள் 'ஃப்ரீகோர்ட்' கிடைக்கும்வரை, 2025 இல் 3278 குரோணர் வரை, தாங்களே கட்டுகிறார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் "இது அங்கீகரிக்கப்பட்ட தொழிற்காயம்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வழமைபோலப் பணம் கேட்பார்கள். அங்கீகாரம் வருமுன் கட்டிய பணத்தை ஹெல்ஃபோவிடம் திருப்பிக் கேட்கலாம். ஆகவே பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள்.

இரண்டாவது வேலைகொள்வோரின் காப்புறுதிப் பை. 1989 இல் நிறைவேறி 1990 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி ஒவ்வொரு வேலைகொள்வோரும் இந்தக் காப்புறுதியை எடுத்தே ஆக வேண்டும். யார் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. அரசு கொடுக்காத செலவுகளும், வருமான இழப்பும், நிரந்தரக் குறைபாட்டுக்கான தொகையும் இதில் அடங்கும்.

இரண்டு முடிவுகளும் வேறு வேறானவை. காப்புறுதியோடு கணக்கு முடிந்தாலும் நாவின் அங்கீகாரம் அப்படியே இருக்கும். மறுபக்கம், காப்புறுதி பணம் தந்தது என்பதற்காக நாவ் அங்கீகரித்துவிட்டது என்று ஆகாது. நட்டஈடு பெற்ற பின்னும் வருடக்கணக்காகத் தம் பையிலிருந்து கட்டுபவர்கள், பெரும்பாலும் நாவுக்கு அறிவிக்கப்படாமலே விடப்பட்டவர்கள்தான். அறிவிப்பது வேலைகொள்வோரின் கடமை. அவர் செய்யாவிட்டால் நீங்களே ஒரு வருடத்துக்குள் அறிவிக்கலாம். காலம் கடந்தாலும், தொழிற்காயம் என்பது தெளிவாக இருந்தால் ஏற்றுக்கொள்ள இடமுண்டு.

எம்மவருக்குக் கசப்பான ஒரு விடயமும் உண்டு. வடக்கே மீன் தொழிற்சாலைகளிலும், ஒஸ்லோவில் துப்புரவு வேலையிலும் காலப்போக்கில் தேய்ந்த தோளும் முதுகும் பொதுவாகத் தொழிற்காயமாகக் கணிக்கப்படுவதில்லை. ஒரு குறித்த நாளில் நடந்த விபத்து வேண்டும். ஆகவே ஈரத் தரையில் சறுக்கி விழுந்தால், "பரவாயில்லை" என்று வீட்டுக்குப் போகாமல், அன்றே வைத்தியரிடம் சென்று, எப்படி நடந்தது என்பதைப் பதியச் செய்யுங்கள்.

காப்புறுதிப் பத்திரத்தில் "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வசனம் இருக்கும். கையொப்பமிடுமுன், எதிர்காலச் செலவுக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். ஓர் உதாரணம்: 45 வயதில் அதற்கென 300 000 குரோணர் கிடைத்து 30 வருடம் ஓட வேண்டுமென்றால், வருடத்துக்கு 10 000 தான். ஒப்பந்தமில்லாத தனியார் சிகிச்சைக்கு இதிலிருந்தே போகும். சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்ச் செய்யும் வைத்தியத்தையும் அரசு பொதுவாக ஏற்பதில்லை. இந்தப் பணத்தை வீட்டுக்கடனோடு கலக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். எதிர்காலச் செலவுக்கான தொகைக்கு வருமானவரி இல்லை, அதில் வரும் வட்டிக்கு 22 வீதம் உண்டு. நியாயமான சட்டத்தரணிச் செலவையும் பொதுவாகக் காப்புறுதியே ஏற்கும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதங்களைப் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்க வேண்டாம். 2022 முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டப்படி, தேவையான இடத்தில் தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்வது நாவின் பொறுப்பு. காப்புறுதி நிறுவனங்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆகவே அங்கே சட்டத்தரணி மூலம் கேளுங்கள்.

பழைய கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். நாவின் அங்கீகாரக் கடிதம் இருந்தால் அடுத்த முறை வைத்தியரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால், நட்டஈடு எப்போதோ முடிந்திருந்தாலும், நாவிடம் இன்றே எழுதிக் கேளுங்கள்.