விரிசலில் வார்த்த வெள்ளி

மழைக்காலம் முடிந்ததும் மரக்காணம் உப்பளங்களில் பாத்தி மிதிக்கும் வேலை தொடங்கும். களிமண்ணை மிதித்து இறுக்காவிட்டால் தரை வெடிக்கும், உவர்நீர் கீழே இறங்கிவிடும். உப்பளத்துக்காரருக்கு விரிசல் என்றாலே நஷ்டம். பெங்களூரு ஆய்வுக்கூடம் ஒன்றில் அதே விரிசலை வேண்டுமென்றே வரவழைத்து, அதிலிருந்து சூரிய மின்கலத்துக்கான மின்முனை செய்தார்கள்.

சூரிய மின்கலத்தின் இரண்டு மின்முனைகளில் ஒன்றாவது வெயிலை உள்ளே விட வேண்டும், மின்சாரத்தையும் வெளியே கொண்டுவர வேண்டும். இயற்கை முரண்டு பிடிப்பது இங்கேதான். உலோகத்தில் தாராளமாகத் திரியும் எலக்ட்ரான்களே மின்சாரத்தைக் கடத்துகின்றன; ஒளியைத் திருப்பி அடிப்பவையும் அவையே. வெள்ளி பளபளப்பது அதனால்தான். கண்ணாடியில் அப்படித் திரியும் எலக்ட்ரான்கள் இல்லை. ஒளி போகிறது, மின்சாரம் போவதில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்பது இந்தியம் டின் ஆக்ஸைடு. செல்போன் தொடுதிரைகளில் இருப்பது பெரும்பாலும் அதுதான். ஆனால் இந்தியம் அரிய உலோகம். துத்தநாகம் பிரிக்கும்போது சிறிதளவு கிடைப்பது. அதன் ஆக்ஸைடோ பீங்கான் சாதி, வளைத்தால் வெடிக்கும்.

சிலிக்கானுக்குப் பதில் கார்பன் சேர்மங்களால் ஆன கரிமச் சூரிய மின்கலத்துக்கு இந்த வெடிக்கும் குணம் பெரிய இடைஞ்சல். 1986-இல் ஆய்வாளர் சிங் டாங் செய்து காட்டிய இரண்டடுக்குக் கலம் வெயிலில் சுமார் 1 சதவீதத்தையே மின்சாரமாக்கியது. இன்று ஆய்வுக்கூடங்களில் அது 20 சதவீதத்தை எட்டுகிறது. ஒளியை உறிஞ்சும் படலத்தின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர்தான். அதை மையாகக் கரைத்து பிளாஸ்டிக் மேல் அச்சிடலாம், சுருட்டலாம். வெயிலை உள்ளே விடும் மின்முனை உடையாமல் இருந்தால்.

பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ஜி. யு. குல்கர்னியின் குழு இதற்குப் பிடித்த வழி அழகானது. நுண்துகள் கலந்த பிசினைப் பூசிக் காயவிட்டார்கள். காயும் படலம் சுருங்கி வெடிக்கிறது. புதிதாக ஓடிவரும் விரிசல் பழைய விரிசலைத் தொட்டதும் நிற்கிறது, இழுவிசை அங்கே ஏற்கெனவே தளர்ந்துவிட்டதால். ஆகவே கோடுகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்ந்தே முடிகின்றன. யாரும் வரையாமலே அறுபடாத பாதை! விரிசல்களுக்குள் உலோக ஆவியைப் படியவிட்டு, பிசினைக் கரைத்து எடுத்தால் மிஞ்சுவது கண்ணுக்கு எளிதில் தெரியாத கம்பிப் பின்னல். இடைவெளிகளில் வெயில் இறங்கும், கம்பியில் மின்சாரம் ஓடும். இந்தப் பின்னலை வைத்து, இந்தியம் இல்லாத கரிம மின்கலத்தை ஜெர்மானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 2014-இல் வெளியிட்டார்கள்.

சிக்கல் தீரவில்லை. 100 நானோமீட்டர் படலத்துக்கு அடியில் கம்பி கொஞ்சம் புடைத்தாலும் குறுக்குச்சுற்று. கம்பிகளுக்கு இடையே பிறக்கும் மின்சாரத்தைக் கம்பிவரை சேர்க்க, மின்கடத்தும் பாலிமர் ஒன்றையும் பூச வேண்டியிருக்கிறது.

மரக்காணம் போன்ற கடலோர ஊரில், கண்ணாடித் தகட்டின் பாரம் தாங்காத கீற்றுக்கூரைக்கு இப்படி இலேசான மின்கலம் பொருத்தமானது. ஆனால் கரிமப் படலத்துக்கு ஈரமும் ஆக்ஸிஜனும் எமன். உலோகத்தை உப்புக்காற்று அரிக்கும். நன்றாக உறையிட்டு மூடாமல் இந்தக் கரையில் அது தாங்காது. எனவே இப்போது கூரைக்கு மின்தகடு வாங்க நினைத்தால் சிலிக்கான் தகட்டையே வாங்குங்கள்.