அங்கன்வாடி உணவு: டெண்டரா, தாய்மார்களா?
போட்டி இருந்தால் ஊழல் இருக்காது என்பது பொதுவான நம்பிக்கை. சத்துமாவு விஷயத்தில் அது பலிக்கவில்லை

ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்பதே 2017-ல் இருந்த விதி. இதற்கு மத்திய அரசு 2017-ல் நிர்ணயித்த தொகை 8 ரூபாய். அற்பத் தொகைதான். ஆனால் கோடிக்கணக்கான குழந்தைகள், ஆண்டுக்கு 300 நாள் என்று பெருக்கிப் பார்த்தால் பெரும் வியாபாரம். கான்ட்ராக்டர்கள் மொய்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

1975-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்திலிருந்து அவர்களை வெளியேற்ற முயன்றது உச்ச நீதிமன்றம். உணவு உரிமை வழக்கில் 2004 அக்டோபரில் அது பிறப்பித்த உத்தரவு தெளிவானது: சப்ளைக்கு கான்ட்ராக்டர்கள் கூடாது, கிராம சமூகத்தினரும் சுயஉதவிக் குழுக்களும் மகளிர் மன்றங்களும் தானியம் வாங்கிச் சமைக்கட்டும்.

கேரளத்தில் டெண்டர் இல்லாமலே குடும்பஸ்ரீ பெண்களிடம் 'அம்ருதம்' சத்துமாவு தயாரிக்கும் பொறுப்பு தரப்பட்டது. கோதுமை, கடலை, சோயா, நிலக்கடலை, சர்க்கரை என்று எல்லாம் தெரிந்த சாமான்கள். 2011-ல் பருப்புக் கொள்முதல் ஊழலில் சூடுபட்ட ஒடிசாவும் 'சத்துவா' மாவு தயாரிப்பை சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தது. விலையை அரசே நிர்ணயிக்கிறது. அரைக்கும் பெண்ணுக்கு வருமானம். மாவு கெட்டால் கேட்க ஊரிலேயே ஆள் உண்டு.

மகாராஷ்டிராவில் நடந்தது வேறு. அங்கே மகளிர் மன்றங்கள் என்ற பெயரில் தனியார் முதலாளிகளே சப்ளை செய்வதாக உணவு உரிமை ஆணையர்களின் அறிக்கை 2012-ல் குற்றம்சாட்டியது. 2016-ல் டெண்டர் விடப்பட்டது. ஆனால் சிறிய குழுக்கள் எட்டிப்பார்க்கவே முடியாத நிபந்தனைகள். 2019 பிப்ரவரியில் சுமார் 6,300 கோடி ரூபாய் ஒப்பந்தங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காகிதத்தில் போட்டி இருந்தது; களத்தில் இல்லை.

அதற்காக டெண்டரைக் கைவிட்டாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. நச்சு கலந்து பாதுகாப்பற்றதாகிவிட்ட அம்ருதம் மாவும் கேரளக் குழந்தைகளுக்கு வினியோகிக்கப்பட்டதை தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2022-ல் அம்பலப்படுத்தியது. போட்டி இல்லாத இடத்தில் அடுத்த சப்ளையர் என்ற பயம் கிடையாது. அந்த இடத்தைப் பரிசோதனைக் கூடம்தான் நிரப்ப வேண்டும். அதோடு, விலைவாசி ஏறும்போது கொள்முதல் விலையும் ஏற வேண்டும்; பில் தொகை காலத்தில் வர வேண்டும். இல்லையென்றால் முதலில் குறைவது பாக்கெட்டில் இருக்கும் நிலக்கடலைதான்.

யாரிடம் வாங்குவது என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லிவிட்டது. வாங்கியதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அரசின் வேலை.